படம் எடுக்கவும் மீன் பார்க்கவும் அடுத்து எந்த ஸ்கூபா கோர்ஸ் படிக்கலாம்?

கடியபட்டணத்துக்காரி

அண்ணன்மாரே, அக்காமாரே, ஒரு முடிவுக்கு வர முடியாம கிடக்கேன். விவரம் தெரிஞ்சவங்க சொல்லித் தாங்க.

அந்தமான்ல ஓப்பன் வாட்டர், அதான் ஸ்கூபாவுல முதல் கோர்ஸ், முடிச்சேன். அதுக்குப் பிறகு லீவு கிடைக்கும்போது கோவளத்துல போய் முங்கிட்டு வாறேன். நம்ம கன்னியாகுமரிக்கு இந்தப் பக்கம் இருக்குற கோவளம் இல்ல, விழிஞ்ஞத்துக்கு அங்கிட்டு உள்ள கோவளம். வேலை நாகர்கோவில்ல ஒரு ஜவுளிக்கடையில கணக்கெழுதுறது. கிறிஸ்துமஸ், பொங்கல் வியாபாரம் ரெண்டும் முடிஞ்சாத்தான் மொத்தமா லீவு தருவாங்க. அந்த லீவுல அந்தமானோ கர்நாடகாவுல உள்ள நேத்ராணித் தீவோ போய் அடுத்த கோர்ஸ் முடிச்சிரணும்னு ஆசை. என் சம்பளத்துக்கு ஒரு கோர்ஸ்தான் கட்டுபடியாகும். ரொம்ப இழுத்துப் பிடிச்சா ரெண்டு.

எனக்கு ஆழமாப் போகணும்னு இல்ல. மூழ்கின கப்பலுக்குள்ள நுழையணும்னும் இல்ல. அப்பா சிப்பி முங்குறவர். சின்னப் பிள்ளையில பாறை ஓரத்துல அவர் கண்ணாடியை வாங்கிப் போட்டு எட்டிப் பாத்ததுல பிடிச்ச கிறுக்கு இது. சட்டியில கிடக்குற மீன் எல்லாம் பேரோட தெரியும். அது உள்ள எப்படி வாழுதுன்னுதான் பாக்கணும். படம் எடுத்துட்டு வந்து வீட்டுல காட்டணும். எங்க அம்மா கடற்கரையிலேயே பிறந்து வளந்தும் தண்ணிக்குள்ள தலையை விட்டதே இல்ல.

கேமரா, அண்ணன் குவைத்ல இருந்து கொண்டுவந்த ஒலிம்பஸ் டிஜி-6, அதுக்குத் தண்ணி புகாத கூடு, ஹவுசிங்கும் இருக்கு. படம்தான் சரியில்ல. மாவு தூவின மாதிரி எங்க பாத்தாலும் வெள்ளைப் புள்ளி. மிச்சம் எல்லாம் பச்சை. பாதிப் படத்துல மீனோட வால் மட்டும் இருக்கு. கையாட்டம் ஒண்ணும் கிடையாது, அசையாம இருக்க மூச்சை அடக்கிட்டுத்தான் ஷட்டர் அமுக்குதேன். அப்பா புண்ணியத்துல அது எனக்கு லேசா வரும்.

டைவ் சென்டர்ல கேட்டா அட்வான்ஸ்ட், போட்டோகிராஃபி, மீன் அடையாளம், நைட்ராக்ஸ்னு ஒரு பட்டியலே தாறாங்க. எல்லாம் சேத்துப் படிச்சா பேக்கேஜ் ரேட்டாம். இதுல எதை முதல்ல எடுக்க? போட்டோ கோர்ஸ் படிச்சா இந்தப் புள்ளி போயிருமா?

---

தக்கலை டு துபாய்

யோசிக்கவே வேண்டாம் தங்கச்சி, அட்வான்ஸ்ட் எடுங்க. ஓப்பன் வாட்டருக்கு 18 மீட்டர்தான் எல்லை, அட்வான்ஸ்டுக்கு 30. படகுல போகும்போது நல்ல இடத்துக்கு அட்வான்ஸ்ட் கார்டு இருக்கவங்களைக் கூட்டிட்டுப் போவாங்க, நீங்க சின்ன இடத்துல மத்தவங்களோட நிக்கணும். ஃபுஜைரா பக்கம் டைவ் போகையில இதை நேர்லயே பாத்திருக்கேன்.

கையோட நைட்ராக்ஸும் முடிச்சிருங்க, ஆக்சிஜன் கூடுதலாக் கலந்த காத்து அது. உடம்புல நைட்ரஜன் ஏறுற கணக்குப்படி சாதா காத்துல 18 மீட்டர்ல 56 நிமிஷம்தான் டைம், 32 சதவீத நைட்ராக்ஸ்ல 95. படம் எடுக்கவங்களுக்கு டைம்தானே முக்கியம்? போட்டோ கோர்ஸ் எல்லாம் யூடியூப்ல பாத்தாப் போதும்.

---

பறக்கை வாத்தியார்

மகளே, உன் கேள்விக்குப் பிறகு வருகிறேன். நீ கேட்காமல் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போன ஒரு வரிக்குத்தான் முதல் பதில்: மூச்சை அடக்கி ஷட்டர் அமுக்குவதை இன்றோடு விட்டுவிடு.

உன் அப்பா மேலே நின்று மூச்சை இழுத்துக்கொண்டு முங்குகிறார். கீழே போகப்போக அந்தக் காற்று சுருங்கும். ஏறி வந்தால் பழைய அளவுக்குத்தான் விரியும், அதற்கு மேல் விரிய அதில் ஒன்றும் இல்லை. நீ கீழேயே சிலிண்டரிலிருந்து இழுக்கிறாய். 10 மீட்டரில் நெஞ்சு நிறைய இழுத்து, தொண்டையை அடைத்துக்கொண்டு மேலே வந்தால் அந்தக் காற்று இரண்டு மடங்காகும். நுரையீரல் அதைத் தாங்காது. மேல்மட்டத்துக்குப் பக்கத்தில் இது இன்னும் மோசம், ஏனென்றால் கடைசி சில மீட்டர்களில்தான் விரிவு வேகமாக நடக்கும். திரையில் கண்ணை வைத்திருக்கும்போது அலை உன்னை மெதுவாகத் தூக்கினால் உனக்குத் தெரியவே தெரியாது. ஓப்பன் வாட்டரில் முதல் பாடமாகச் சொல்லியிருப்பார்கள். ஆனால் சிப்பி முங்குகிற வீட்டுப் பிள்ளைக்கு உடம்பு வேறு பாடம் படித்திருக்கிறது. மெதுவாக இழு, மெதுவாக விடு. விட்டு முடிகிற இடத்தில் தானாகவே ஒரு கணம் உடம்பு அமைதியாகும், தொண்டை திறந்தபடியே இருக்கும். அப்போது அமுக்கு.

இனி கோர்ஸ். பாயன்சி எடு, அதாவது ஏறாமல் இறங்காமல் ஒரே மட்டத்தில் மிதக்கிற பயிற்சி. பாடி (PADI), எஸ்எஸ்ஐ (SSI) இரண்டும் ஸ்கூபா கற்றுக்கொடுத்துக் கார்டு தருகிற அமைப்புகள். பாடியில் அதன் பெயர் பீக் பெர்ஃபாமன்ஸ் பாயன்சி, எஸ்எஸ்ஐ-யில் பெர்ஃபெக்ட் பாயன்சி. பாடியில் கடலில் இரண்டே டைவ். கேட்பதற்குக் கவர்ச்சியாக இருக்காது, கார்டை யாரிடமும் காட்டிப் பெருமையடிக்கவும் முடியாது. ஆனால் நீ விரும்புகிற இரண்டு காரியத்துக்கும் அடித்தளம் அதுதான்.

உன் படத்துப் புள்ளியில் ஒரு பங்கு உன் துடுப்பு கிளப்புகிற மண். இடுப்பில் ஈயம் கூடுதலாகக் கட்டினால் கால் தாழும், உடம்பு சாய்வாக நிற்கும். அசையும்போதெல்லாம் துடுப்பு தரையைக் கிளறும். வாடகை சென்டர்களில் புதுசாக வருகிறவர்களுக்கு ஈயத்தைத் தாராளமாகவே கட்டுவார்கள், இறங்காமல் மிதந்துகொண்டிருந்தால் அவர்களுக்குத்தான் தொல்லை. சரியான எடையைப் பார்ப்பதற்கு நேரம் டைவின் முடிவு. சிலிண்டரில் 50 பார் அழுத்தம் மிச்சம், மிதப்பதற்குப் போடுகிற ஜாக்கெட்டில் காற்று ஏறக்குறைய இல்லை, 5 மீட்டரில் அசையாமல் நிற்க முடிகிறதா? நின்றால் எடை சரி. தொடக்கத்தில் பார்த்தால் கணக்குத் தப்பும், காற்றுக்கும் எடை உண்டு. வழக்கமான அலுமினிய சிலிண்டரில் ஒரு டைவில் சுமார் 2 கிலோ காற்றைத் தீர்த்துவிடுகிறோம். அந்த 2 கிலோவை முன்கூட்டியே ஈயத்தில் ஈடுகட்டித்தான் இறங்க வேண்டும், அதற்கு மேல் ஒரு துண்டும் வேண்டாம்.

எடை சரியானதும் தவளைக்கால் அடிக்கச் சொல்லித்தரச் சொல். மேலும் கீழும் அடிக்கிற உதை தண்ணீரைத் தரைக்குத் தள்ளும், தவளைக்கால் பின்பக்கம் தள்ளும். அதைவிட முக்கியம் பின்னோக்கி நகரக் கற்பது. படம் எடுக்கப் போகிறவர்கள் எல்லாரும் கிட்டப் போகக் கற்றுக்கொள்கிறார்கள். எடுத்து முடித்துப் பவளத்தை மிதிக்காமல் வெளியே வரத் தெரிந்தவர்கள் குறைவு. கோர்ஸ் சேர்வதற்கு முன் பயிற்சியாளரிடம் ஒன்று கேள்: பின்னோக்கி நீந்துவது சொல்லித்தருவீர்களா, நான் நீந்துவதை வீடியோ எடுத்துக் காட்டுவீர்களா? தயங்கினால் வேறு ஆளைப் பார். எந்த அமைப்பின் கார்டு என்பதைவிட எந்த ஆள் என்பதுதான் காரியம்.

புள்ளியில் மீதிப் பங்கு ஃபிளாஷ். கேமராவில் உள்ள ஃபிளாஷ் லென்ஸுக்கு ஒட்டியே இருக்கிறது. லென்ஸுக்கு முன்னால் மிதக்கிற துகள் மேல் நேராக வெளிச்சம் அடித்து, அதுவும் நேராகத் திரும்பி வருகிறது. இதற்குக் கோர்ஸ் வேண்டாம், ஃபிளாஷை அணை. 10 மீட்டருக்குள் நின்று, சூரியன் உன் முதுகுப் பக்கம் இருக்கும்படி எடு. சிவப்புதான் தண்ணீரில் முதலில் மறைகிற நிறம், அதனால்தான் எல்லாம் பச்சையாகத் தெரிகிறது. வெள்ளை சிலேட் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, ஆழம் மாறும்போதெல்லாம் அதைக் காட்டி கேமராவின் வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) புதிதாக வை. டிஜி-6 பதப்படுத்தாத ரா (RAW) கோப்பும் தரும், வீட்டில் உட்கார்ந்து நிறத்தைத் திருத்த அது உதவும். போட்டோ கோர்ஸில் எடு, பார், திருத்து என்று இதையெல்லாம் ஒழுங்காகச் சொல்லித்தருவார்கள். நல்ல கோர்ஸ்தான், துபாய்த் தம்பி சொல்வதுபோல் யூடியூபோடு முடிகிற சமாச்சாரம் இல்லை. ஆனால் அசையாமல் நிற்கத் தெரியாதவருக்கு அதில் போடுகிற காசு பாதி வீண்.

வால் படம் ஏன் வருகிறதென்றால் நீ துரத்துகிறாய். துரத்தினால் மீன் திரும்பும். ஒரே இடத்தில் கிட. பாறையில் துப்புரவு மீன் வேலை செய்கிற மூலை ஒன்று இருக்கும். நீலமும் கறுப்புமாக விரல் நீளத்தில் ஒரு மீன், தன்னைவிடப் பெரிய களவாவின் வாய்க்குள் போய் ஒட்டுண்ணியைத் தின்றுவிட்டு வெளியே வரும். களவாவும் வாயைத் திறந்துகொண்டு பொறுமையாக நிற்கும். அந்த மூலைக்குக் கொஞ்சம் தள்ளி மிதந்துகொண்டிருந்தால் ஒவ்வொரு மீனாக முறை வைத்து வரும், முகத்தைக் காட்டியபடியே. மணல் தரையில் குழி தோண்டுகிற இறாலும் அதற்குக் காவல் இருக்கிற உளுவை மீனும் இதேபோல்தான். இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது, மீசையை மீனின் உடம்பில் வைத்தபடியே வேலை செய்யும். நீ ஒருமுறை துடுப்பை வேகமாக அடித்தால் இரண்டும் குழிக்குள் போய்விடும். எனக்கு இந்த ஜோடியைப் பார்க்கிற சுகம் சுறாவைப் பார்த்தாலும் வராது. இதையெல்லாம் பாயன்சி இல்லாமல் பார்க்கவே முடியாது.

மீன் அடையாளக் கோர்ஸுக்குத் தனியாகக் காசு கொடுக்காதே. மீனைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்துப் பார்க்கச் சொல்லித்தருவதுதான் அதன் சாரம். களவா, பாறை, நவரை, ஓரா, கிளாத்தி, அஞ்சாளை என்று உன் அம்மா சந்தையில் பிரிப்பதும் ஏறத்தாழ அந்தக் குடும்பங்கள்தான். மிச்சத்துக்கு ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் படத்தைப் போடு, ஃபிஷ்பேஸ் என்கிற மீன் தளத்தில் சரிபார். உடல் வடிவம், வால் வடிவம், பிறகு கோடும் புள்ளியும். நிறத்தைக் கடைசியாக நம்பு. கிளிமீன் வயதுக்கும், ஆணா பெண்ணா என்பதற்கும் ஏற்ப நிறம் மாற்றிக்கொள்ளும்.

அட்வான்ஸ்டைப் பற்றித் தம்பி சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆழத்துக்கு விலை உண்டு. 30 மீட்டரில் ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே இழுப்பதைப்போல் நான்கு மடங்கு காற்று செலவாகும், 10 மீட்டரில் இரண்டு மடங்கு. சாதாக் காற்றில் 30 மீட்டரில் கிடைப்பது 20 நிமிடம். 12 மீட்டரில் 147 நிமிடம், அதற்கு வெகுநேரம் முன்பே உன் சிலிண்டர் தீர்ந்துவிடும். அதனால்தான் இப்போதைக்கு நைட்ராக்ஸும் உனக்கு வேண்டாம் என்கிறேன். உன்னை மேலே ஏற்றுவது சிலிண்டர்தான், நைட்ரஜன் இல்லை. மூச்சு சிக்கனமாகி, 18-லிருந்து 25 மீட்டருக்குள் ஒரே நாளில் பல டைவ் போகிற காலம் வரும்போது படித்துக்கொள்.

---

சின்னமுட்டம் வள்ளம்

வாத்தியார் சொன்னது எல்லாம் சரி. கடல்காரன் பக்கத்துல இருந்து நான் ரெண்டு வார்த்தை சொல்லுதேன் மக்ளே.

மேல ஏறும்போது ஒரு ஆரஞ்சுக் குழல் விடுவாங்கல்லா, அந்த மிதவையைக் கீழ இருந்து விடப் படிச்சியா? படிக்கலன்னா அதை முதல்ல படி. எஞ்சின் வச்ச வள்ளம் ஓட்டுற எங்களுக்குத் தண்ணிக்குள்ள தலை இருக்குறது தெரியாது. குமிழி வாறது அலையில சுத்தமாத் தெரியாது. நம்ம பக்கம் ஒரு இடம் பாக்கி இல்லாம வள்ளம் ஓடும். படம் எடுக்கவங்க கூட்டத்தை விட்டுப் பிந்திப் போவாங்க, பிறகு தனியா மேல வருவாங்க. அதான் பயம்.

அடுத்தது வலை. பார், அதான் கடலடிப் பாறை, இருக்குற இடத்துல எல்லாம் அறுந்த வலை கிடக்கும். சிங்கி இறாலுக்குப் போட்ட வலை, டிஸ்கோ வலை, எல்லாம் கல்லுல மாட்டி அப்படியே கிடக்கு. நரம்பு வலை தண்ணிக்குள்ள கண்ணுக்குப் பிடிபடாது. கேமராவையே பாத்துக்கிட்டுப் பின்னால நகந்தா சிலிண்டர் வால்வுல மாட்டும். சின்னக் கத்தியோ நூல் வெட்டியோ ரெண்டு கைக்கும் எட்டுற இடத்துல வச்சுக்க.

நீவாடு, அதான் கடல் நீரோட்டம், எப்படி இருக்குன்னு காலையிலேயே வள்ளக்காரன்கிட்ட கேளு. காத்து அடங்கிக் கிடந்தாலும் அடியில இழுப்பு இருக்கும். கலக்கம் உள்ள அன்னைக்குக் கேமராவைக் கரையிலேயே வச்சுட்டுப் போ, படம் எடுக்கேன்னு நின்னா கூட வந்தவன் எங்கன்னு தெரியாது. ஆனி, ஆடியில மேற்க இறங்குற யோசனையே வேண்டாம்.

மீன் படிக்கணும்னா கரைக்கு வா. கருப்புக் கிளாத்தி குவிஞ்சு கிடக்கும், பல்லைப் பாரு, சிவப்பா இருக்கும். அதே மீனை நீ பார்ல பாத்திருப்ப, ஆனா அங்க அது நீலமாத் தெரியும். ஆளைக் கண்டா கல் இடுக்குல புகுந்துக்கிடும், வால் மட்டும் வெளியில நீட்டிக்கிட்டு இருக்கும். அதனால நீ எடுத்த வால் படம் எல்லாம் உன் குத்தம்னு சொல்ல முடியாது. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் சின்னமுட்டத்துல விசைப்படகு போகாது. அந்த நேரம் முட்டம், குளச்சலுக்குப் போனா மே மாசம் முழுக்கப் பாக்கலாம், அங்க ஜூன் 1-லதான் தடை தொடங்கும், ஜூலை 31 வரைக்கும்.

---

கடியபட்டணத்துக்காரி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வாத்தியார் சார், மூச்சு விஷயம் படிச்சதும் திக்குன்னு ஆயிட்டு. அப்பாகிட்ட வாசிச்சுக் காட்டுனேன். “அந்த சார் சொல்லுறதுதான் சரி, என் வித்தை எனக்கு, உன் வித்தை உனக்கு”ன்னு சொல்லிட்டார்.

மிதவை நான் விட்டதே இல்ல அண்ணே, எப்பவும் கூட வாற கைடுதான் விடுவாரு.

இன்னும் ஒரு சந்தேகம் சார். அட்வான்ஸ்ட் அஞ்சு டைவ்ல பாயன்சியும் ஒண்ணா வரும்னு ஒரு சென்டர்ல சொல்லுதாங்க. இன்னொரு சென்டர்ல அட்வான்ஸ்ட் கார்டுக்கு 24 டைவ் வேணும்னு சொல்லுதாங்க. ஒரே பேருக்கு ஏன் இப்படி? அப்புறம் ராமேஸ்வரம் பக்கத்துத் தீவுல போய் எடுத்தா செலவு குறையுமேன்னு கடையில ஒரு அக்கா சொல்லுதாங்க. அது நடக்குமா?

---

பறக்கை வாத்தியார்

இரண்டு சென்டரும் பொய் சொல்லவில்லை. பாடியில் அட்வான்ஸ்ட் ஓப்பன் வாட்டர் என்றால் ஐந்து வகை டைவ்களைத் தொட்டுப் பார்ப்பது. ஆழமும் திசையறிதலும் கட்டாயம், மற்ற மூன்றும் உன் விருப்பம். எஸ்எஸ்ஐ-யில் அதே மாதிரி ஐந்து டைவ் சுவை காட்டுவதற்கு அட்வான்ஸ்ட் அட்வென்ச்சரர் என்று பெயர். அங்கே அட்வான்ஸ்ட் ஓப்பன் வாட்டர் கார்டு வேண்டுமென்றால் நான்கு சிறப்புப் பயிற்சிகளை முழுதாக முடித்து, 24 டைவும் போட்டிருக்க வேண்டும்.

உன் கைக்காசுக்கு எனக்குத் தோன்றுவது இது. பாடி அட்வான்ஸ்டில் சேர். விருப்ப மூன்றில் பாயன்சி, மீன் அடையாளம், போட்டோ என்று எழுதிக் கொடு. பாயன்சி டைவை முதல் நாள் முதல் டைவாக வைக்கச் சொல், போட்டோ டைவைக் கடைசியில். சென்டர்கள் தங்கள் படகு வசதிக்குத்தான் வரிசை போடுவார்கள், நீ கேட்டால்தான் மாற்றுவார்கள். அட்வான்ஸ்டில் போட்ட பாயன்சி டைவ், அந்தச் சிறப்புப் பயிற்சியின் முதல் டைவாகக் கணக்கில் சேரும். இன்னும் ஒரே டைவ் சேர்த்தால் அதுவும் முழுதாக முடியும், அதற்குத் தனியாக எவ்வளவு என்று முன்பே பேசிவிடு. மிதவை விடுவதைச் சொல்லித்தருவதையும் அதே பேச்சில் சேர்த்துக்கொள். பேக்கேஜில் நைட்ராக்ஸை இலவசம் என்று சேர்த்தால் வாங்கிக்கொள், காசு கேட்டால் வேண்டாம்.

ராமேஸ்வரம், தூத்துக்குடி பக்கத்து 21 தீவுகளும் மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா, 1986-லிருந்து. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே போகக் கூடாது. யாராவது சும்மா கூட்டிப்போகிறேன் என்றால் போகாதே. எங்கே போனாலும் ஒன்று: படத்துக்காகக் கடல் குதிரையையோ கடல் அட்டையையோ எடுத்து நல்ல இடத்தில் வைக்கிற கைடுகள் உண்டு. பவளத்தோடு சேர்த்து அவையும் 1972 வனவிலங்குச் சட்டத்தில் வருகிறவை. கைடு எடுத்தாலும் நீ வேண்டாம் என்று சொல்.

---

தக்கலை டு துபாய்

வாத்தியார் சொன்ன அந்த அஞ்சு டைவ் வரிசை நல்லா இருக்கு, ஒத்துக்கிடுதேன். நைட்ராக்ஸை மட்டும் விட்டுக்குடுக்க மாட்டேன், அடுத்த வருஷம் நீங்களே வந்து கேப்பீங்க பாருங்க.

ஒரு சின்ன விஷயம். டிஜி-6 தனியா 15 மீட்டர் வரைக்கும்தான் தாங்கும், ஓப்பன் வாட்டர் எல்லையே 18. அதனால ஹவுசிங் இல்லாம இறக்காதீங்க. மூடும் முன்னாடி ஹவுசிங் வாயில உள்ள ரப்பர் வளையம், ஓ-ரிங்ல முடியோ மணலோ இருக்கான்னு வெளிச்சத்துல பாருங்க, சிலிக்கான் கிரீஸ் துளி போதும். முதல் டைவுக்கு முன்னாடி ஹவுசிங்கை வெறுமனே தண்ணித் தொட்டியில முக்கிப் பாருங்க, குமிழி வந்தா அன்னைக்குக் கேமரா போகக் கூடாது. மேல வந்ததும் நல்ல தண்ணியில ஊறப் போடுங்க, உப்பு காஞ்சா பட்டன் இறுகிரும். பிறகு, ஊருக்குத் திரும்புற ஃபிளைட்டுக்கும் கடைசி டைவுக்கும் நடுவுல 18 மணி நேரமாவது இருக்குற மாதிரி டிக்கெட் போடுங்க. அந்தமான்ல இருந்து காலை ஃபிளைட்டுன்னா முந்தின நாள் முழுக்க டைவ் இல்லன்னு வச்சுக்கோங்க.

---

கடியபட்டணத்துக்காரி

டிக்கெட் இன்னும் போடல அண்ணே, மத்தியானத்துக்குப் பிறகு உள்ள ஃபிளைட்டாப் பாக்கேன். முந்தின நாள் டைவ் போடாம மியூசியம் பாத்துக்கிடுதேன். சின்னமுட்டத்து அண்ணே, ஞாயிறு பூசை முடிஞ்சு அம்மாவையும் கூட்டிட்டுக் கரைக்கு வாறேன், அவங்களுக்குத்தான் கிளாத்தி நல்லாத் தெரியும்.